எழுதப்படாத 128ஆம் இடம்

கல்வெட்டையும் செப்பேட்டையும் பேசிக்கொண்டிருந்துவிட்டு இதென்ன ஓட்டப்பந்தயக் கதை என்று வாசகர்கள் புருவம் உயர்த்தக்கூடும். பந்தய முடிவுப் பட்டியலும் ஓர் ஆவணம்தானே! யார் எழுதினார், யாரை விட்டார், ஏன் விட்டார் என்று கல்வெட்டிடம் கேட்கும் கேள்விகளை இதனிடமும் கேட்கலாம். இன்று நாம் கேட்கப்போவது, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள மான்செஸ்டர் என்னும் சிற்றூரின் 1961ஆம் ஆண்டுப் பட்டியலிடம்.

இங்கிலாந்து மான்செஸ்டருக்குப் பருத்தி போல, இந்த மான்செஸ்டருக்குப் பட்டு. செனி சகோதரர்களின் ஆலைகளால் 'பட்டு நகரம்' என்று பெயர் பெற்ற ஊர். நவம்பர் மாதம் நான்காம் வியாழனன்று அமெரிக்கர்கள் நன்றி தெரிவிக்கும் நாள் கொண்டாடுவார்கள். அன்று காலை, விருந்துக்கு முன்னால், ஊரின் முதன்மைச் சாலையில் கிளம்பி, ஹைலேண்ட் தெருவின் மேட்டில் மூச்சிரைக்க ஏறி, சுற்றிவந்து புறப்பட்ட சாலையிலேயே முடிப்பது இவ்வூர்ப் பந்தயம். தூரம் ஏறத்தாழ 4.75 மைல். 1927இல் பன்னிரண்டு பேர் ஓடித் தொடங்கிய பந்தயம், இடையில் சில ஆண்டுகள் நின்று, இரண்டாம் உலகப்போரின் இறுதியில் மீண்டும் உயிர்பெற்றது. அறுபதுகளின் தொடக்கத்தில்கூட நூற்றுச் சொச்சம் பேர்தான். பெரும்பாலும் சுற்றுவட்டார ஓட்டக் கழகங்களைச் சேர்ந்த ஆண்கள். பகலில் வேலை, மாலையில் ஓட்டம் என்று வாழ்ந்தவர்கள்.

அவர்களுள் ஒருவர் ஜான் கெல்லி. கெல்லி என்றவுடன் ஓர் எச்சரிக்கை தேவை. பாஸ்டன் மாரத்தான் வரலாற்றில் ஜான் கெல்லிகள் இருவர், உறவினர் அல்லர். 1935, 1945 ஆகிய ஆண்டுகளில் வென்றவரை மூத்தவர் என்றும், 1957இல் வென்றவரை இளையவர் என்றும் குறிப்பார்கள். ஒரே பெயருடைய வேந்தர்களை முதலாம், இரண்டாம் என்று எண்ணிப் பழகிய நமக்கு இது சிரமமாக இராது. நம் கதைக்கு உரியவர் இளையவர். பாஸ்டன் மாரத்தானை நடத்தும் பாஸ்டன் தடகளக் கழகத்தின் உறுப்பினராக ஓடி அப்பந்தயத்தை வென்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. கனெக்டிகட்டின் கிராட்டனில் பள்ளி ஆசிரியர். அவ்வூரில் வளர்ந்து ஓட்டத்தில் ஆர்வம் கொண்ட ஜூலியா சேஸ் என்ற பெண்ணுக்கு ஊக்கமளித்தவரும் அவரே.

ஜூலியாவுக்கு மைல் கணக்கில் ஓட ஆசை. குறுக்கே நின்றது ஒரு விதி. அமெச்சூர் தடகளச் சங்கம் பெண்களுக்கு அனுமதித்த அதிகபட்சத் தூரம் 880 கெஜம், அதாவது அரை மைல். அந்த விதியின் வேரைத் தேடினால் நாம் போய் நிற்பது 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில். முதன்முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் அங்கே நடந்தது. இறுதிச் சுற்றில் ஒன்பது பேர். ஒன்பது பேரும் முடித்தனர். முதல் மூவர் அதுவரையிலான உலக சாதனையை முறியடித்தனர். வென்றவர் ஜெர்மனியின் லீனா ராட்கே, 2 நிமிடம் 16.8 வினாடி. இரண்டாவதாக வந்த ஜப்பானின் கினுயே ஹிட்டோமி ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஆசியப் பெண். ஆனால் பத்திரிகைகள் சில எழுதியதோ வேறு! பதினொருவர் ஓடியதாகவும், ஐவர் பாதியில் வீழ்ந்ததாகவும், காணச் சகியாத காட்சி என்றும் எழுதின. ஓடாத இருவரைப் பத்திரிகையே ஓட வைத்துவிட்டது. பெண்ணுடல் இதைத் தாங்காது என்று முன்பே முடிவுகட்டியிருந்தவர்களுக்கு அச்செய்தி சான்றாயிற்று. 1960இல் ரோமாபுரியில் திரும்பி வரும்வரை முப்பத்திரண்டு ஆண்டுகள் அப்பந்தயம் ஒலிம்பிக்கில் இல்லை. பிழையான மெய்க்கீர்த்தி ஒன்றை நம்பி ஒரு நூற்றாண்டின் வரலாற்றை எழுதிவிடுவது நம் துறையிலும் நடப்பதுதான். ஆயினும் இங்கே பிழையை மூலத்தோடு ஒப்பிடுவது எளிதாயிருந்தது. முடிவுப் பட்டியலை எடுத்து எண்ணியிருந்தால் போதும்.

1960இல் மான்செஸ்டரில் ஓட விரும்பிய ஜூலியாவுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நவம்பர் 23 அன்று அவர் மீண்டும் வந்தார். வயது பத்தொன்பது, ஸ்மித் கல்லூரி மாணவி. இம்முறை அவர் தனியாக இல்லை. பிரிட்டனில் பிறந்த ஓட்ட வீராங்கனை கிறிஸ் மெக்கன்சியும், டயான் லெஷாஸ் என்ற இளம்பெண்ணும் ஓடினர். செய்தி பரவியிருந்ததால் புகைப்படக்காரர்கள் சூழ்ந்துகொண்டனர். ஜூலியா குட்டைப் பாவாடையுடன் ஓடினார். 33 நிமிடம் 40 வினாடியில் முடித்தார். 138 பேரில் 128ஆம் இடத்துக்குரிய நேரம் அது. பத்து ஆண்கள் அவருக்குப் பின்னால் வந்தார்கள். அந்தப் பத்துப் பேரின் இடங்கள் பட்டியலில் ஏறின, அவருடையது ஏறவில்லை.

இங்கே நம் சொந்தக் கதை ஒன்று. மாணவியர் சாலை ஓட்டத்தில் முடிவுக்கோட்டருகே குறிப்பேட்டுடன் நின்று பெயர் எழுதும் பணி சில ஆண்டுகள் நமக்கு வாய்த்தது. பரிசு மூவருக்கு, சான்றிதழ் பத்துப் பேருக்கு. பதினொன்றாவதாக வந்த பெண் மூச்சு வாங்கியபடி நம் குறிப்பேட்டை எட்டிப் பார்ப்பாள். நாமோ அதற்குள் பேனாவை மூடியிருப்போம். எந்தச் சங்கமும் நம்மைத் தடுக்கவில்லை, சோம்பல்தான்.

மான்செஸ்டருக்குப் பின் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவையாதலால் விரைந்து கடப்போம். 1966இல் பாபி கிப் பாஸ்டன் மாரத்தான் தொடக்கக் கோட்டருகே புதரில் மறைந்திருந்து, கூட்டத்தோடு கலந்து 3 மணி 21 நிமிடம் 40 வினாடியில் ஓடி முடித்தார். மறு ஆண்டு சிரக்யூஸைச் சேர்ந்த கேத்ரின் ஸ்விட்சர், 'கே.வி. ஸ்விட்சர்' என்று பதிவுசெய்து, 261ஆம் எண்ணை அணிந்து, தம் கழகத் தோழர் ஆர்னி பிரிக்ஸுடன் ஓடினார். பந்தய அதிகாரி ஜாக் செம்பிள் பாய்ந்து வந்து அந்த எண்ணைப் பிய்க்க முயன்ற புகைப்படம் உலகம் சுற்றியது.

இந்த செம்பிளைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். ஸ்காட்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர். தாமே பாஸ்டனில் பலமுறை ஓடியவர். பாஸ்டன் தடகளக் கழகத்தின் உயிர்நாடி. இளைய கெல்லியைப் பேணிப் பயிற்றுவித்தவரும் அவர்தான்! ஒரே கழகம், ஒரே சட்டை, ஒரே சாலை. அதில் மாணவர் ஒரு பெண்ணை ஓட ஊக்குவிக்கிறார். ஆசான் ஒரு பெண்ணைச் சாலையிலிருந்து வெளியேற்றப் பாய்கிறார். செம்பிளை வில்லனாக்கிவிட்டுப் போவது எளிது. விதி மீறப்பட்டால் தம் பந்தயத்துக்கு ஊறு நேரும் என்று அஞ்சியவர் அவர் என்றே நமக்குத் தோன்றுகிறது. கேலிக்காக ஓடுவோர்மீதும் அவர் முன்பே பாய்ந்ததுண்டு. தாம் நேசித்த ஒன்றைக் காப்பதாக நினைத்துக்கொண்டு அதன் வாசலை அடைத்தவர்கள் வரலாற்றில் ஏராளம். கோயில் வாசல்களை நாம் நினைத்துக்கொள்ளலாம். 1972இல் பாஸ்டன் பெண்களை முறையாக ஏற்றது. எட்டுப் பெண்கள் ஓடினர். எட்டுப் பேரும் முடித்தனர். அடுத்த ஆண்டு தொடக்கக் கோட்டில் செம்பிள் ஸ்விட்சரின் கன்னத்தில் முத்தமிட்டுச் சமாதானமானார்.

மான்செஸ்டரின் வாயில் பெண்களுக்கு முறைப்படி திறந்தது 1974இல். பாஸ்டன் கழகம் 1996இல் தன் பழைய ஏடுகளைப் புரட்டி, 1966 முதல் 1971 வரை முதலாவதாக வந்த பெண்களை வெற்றியாளர்களாக அங்கீகரித்தது. பாபி கிப்பின் பெயரும், தம் கணவருடன் சேர்ந்து கேம்பிரிட்ஜில் ஓட்டக் கழகம் தொடங்கிய சாரா மே பெர்மனின் பெயரும் அவ்வாறே பட்டியலேறின. முப்பதாண்டுக்குப் பின்னும் பட்டியலைத் திருத்தலாம் என்பது நல்ல செய்தி. ஆனால் அது முதலிடங்களுக்கு நடந்தது. 128ஆம் இடத்துக்கு யார் திருத்தம் கேட்பார்?

ஜூலியா சேஸ் உயிரியல் கற்று, வௌவால்களை ஆராய்ந்து, ஐம்பது வயதைக் கடந்தபின் மருத்துவப் பட்டம் பெற்று மனநல மருத்துவரானார். 2011இல், ஐம்பதாம் ஆண்டு நிறைவன்று, தம் அறுபத்தொன்பதாம் வயதில், 1961இல் அணிந்த அதே உடையில் மான்செஸ்டருக்கு வந்தார். இப்போது அங்கே ஓடுவோர் பத்தாயிரத்துக்கும் மேல். அவர்களில் பெண்கள் பெருந்திரள். ஹைலேண்ட் தெருவின் மேடு மட்டும் அப்படியே இருந்தது. அவர் ஏறினார், இறங்கினார், முதன்மைச் சாலையில் முடித்தார். இம்முறை எழுதிக்கொண்டார்கள்.