கடல் நத்தைக்கு ஓர் இலக்கம்

கடலைக் கண்ணால் காணாமலே வாழ்நாளைக் கழித்த பலரை ஹட்டன், பொகவந்தலாவை, தலவாக்கலைப் பகுதித் தோட்டங்களில் நான் சந்தித்திருக்கிறேன். அவர்களின் பாட்டன் பூட்டன்மார் கடல் தாண்டி வந்தவர்கள். பேரப்பிள்ளைகளுக்கோ கடல் என்பது பாடப்புத்தகத்துப் படம். அந்த மலைநாட்டில்தான், ஹட்டனுக்கு அண்மையில் உறவினர் வீடொன்றில் தங்கியிருந்தபோது, அவ்வீட்டுச் சிறுவன் தன் விளையாட்டுக் கருவியின் திரையில் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு பிராணியைக் காட்டி, "தாத்தா, இது அட்டையா, நத்தையா?" என்று வினவினான்.

வாசகர்களில் பலர் ‘போக்கிமான்’ என்ற பெயரையேனும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1996 பெப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளியான விளையாட்டு அது. அதை உருவாக்கிய சத்தோஷி தஜிரி, சிறு வயதில் தோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். வயல்களும் குளங்களும் கட்டடங்களாகிவிட்ட நகரத்துப் பிள்ளைகளுக்கு அந்த இன்பத்தைத் திரையிலாவது தரவேண்டும் என்பதே அவரது எண்ணம். விநோதப் பிராணிகளைத் தேடிப் பிடிப்பதும், ஒவ்வொன்றுக்கும் உரிய குறிப்பை ஓர் ஏட்டில் நிரப்புவதுமே விளையாட்டு. 2006இல் ‘வைரம்’, ‘முத்து’ என்ற இரு பதிப்புகள் வெளிவந்தன. சிறுவன் காட்டிய பிராணி அவற்றில்தான் அறிமுகமானது. பெயர் ஷெல்லோஸ். ஏட்டில் அதன் இலக்கம் 422.

அவனது கேள்வி நியாயமானது. மலைநாட்டில் அட்டை என்றால், மழை நாளில் கொழுந்து பறிக்கும் பெண்களின் காலைப் பிடித்து இரத்தம் குடிப்பது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கடலட்டை என்றால், அவித்து உலர்த்திச் சீனத்துக்கு ஏற்றுமதியாவது. ஷெல்லோஸ் இவ்விரண்டும் அன்று. அது ஓடில்லாத கடல் நத்தை. ஜப்பானியர் இத்தகைய உயிர்களைக் ‘கடல் மாடு’ என்று பொருள்படும் ‘உமியுஷி’ என்ற சொல்லால் அழைக்கிறார்கள். தலையில் கொம்புபோல் நிற்கும் உணர்விகளே காரணம்.

விளையாட்டுக்காரர்கள் விலங்கியலைக் கவனமாகவே படித்திருக்கிறார்கள். ஷெல்லோஸ் வளர்ந்து காஸ்ட்ரோடான் ஆகிறது. அதன் முதுகில் முற்காலத்தில் ஓடு இருந்ததாக ஏட்டில் குறிப்பு வருகிறது. உண்மைக் கடல் நத்தைகளும் முட்டையிலிருந்து வெளிவந்து நீரில் மிதக்கும் பருவத்தில் சின்னஞ்சிறு ஓட்டைச் சுமக்கின்றன. பின்னர் பெரும்பாலானவை அதைக் கழற்றிவிடுகின்றன. ஷெல்லோஸை அழுத்தினால் ஊதா நிறத் திரவம் கசியும் என்கிறது விளையாட்டு. கடல் முயல் எனப்படும் இனம் அவ்வாறே ஊதா மையை உமிழ்கிறது. ஓட்டை இழந்த உயிருக்கு நஞ்சும், அந்த நஞ்சை அறிவிக்கும் பளிச்சென்ற நிறமுமே கவசம். பல இனங்கள் தாம் உண்ணும் கடற்பஞ்சுகளிலிருந்தே அந்த நஞ்சைப் பெறுகின்றன.

இத்தனையையும் விளக்கிய பின்னர்தான், இந்த உயிருக்கும் நுவரெலியாவுக்கும் மெய்யாகவே ஒரு தொடர்பு உண்டென்பது என் நினைவில் தட்டியது. அந்தத் தொடர்பின் பெயர் எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட்.

கெலார்ட் 1819இல் இலங்கையில் பிறந்த பறங்கியர். எடின்பரோவில் மருத்துவம் பயின்று படை மருத்துவரானார். ஜிப்ரால்டரில் பணிபுரிந்த காலத்தில் அங்குள்ள தாவரங்களைப் பற்றி எழுதிய நூல் 1846இல் வெளியானது. பின்னர் தாய்நாடு திரும்பிய அவருக்கு நுவரெலியாவில் பணி வாய்த்தது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் காலத்திலிருந்தே பிரித்தானியப் படையினர் உடல் தேறுவதற்கென அனுப்பப்பட்ட குளிர்ந்த ஊர் அது. மற்றவர்கள் யானை வேட்டைக்கும் மான் வேட்டைக்கும் புறப்பட்டபோது, கெலார்ட் எலிகளையும் மூஞ்சூறுகளையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். மலைக்காட்டின் கரடிக்குரங்கிற்கு 1850இல் ‘மொன்டிகோலா’, அதாவது மலைவாசி, என்ற அறிவியற் பெயரைச் சூட்டியவர் அவரே. 1852இல் இலங்கையின் விலங்குகளைத் தொகுத்து அவர் ஒரு நூலும் வெளியிட்டார்.

அவர் பெயரிட்ட உயிர்களுள் ஓர் எலியும் உண்டு. நுவரெலியாவின் பெயரையே சேர்த்து அதனைக் ‘கொலுந்தா நுவெரா’ என்றார். அது தமிழகத்திலும் வாழும் எலிதான் என்பது பின்னர் தெளிவானது. சென்னை மாகாணத்தில் உயர் அதிகாரியாக விளங்கிய வால்டர் எலியட்டின் நினைவாக, 1837இலேயே அதற்குக் ‘கொலுந்தா எலியட்டி’ என்ற பெயர் இடப்பட்டிருந்தது. முந்திய பெயரே நிலைக்கும் என்பது விலங்கியல் விதி. நுவரெலியா தன் எலியை இழந்தது.

தோட்டத்துரைமார் இதைக் கோப்பி எலி என்றனர். கோப்பிச் செடியின் மொட்டையும் பூவையும் தின்று தீர்ப்பதால் வந்த பெயர். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் தம் நூலில் இந்த எலியைக் குறிப்பிடும்போது, தோட்டங்களில் வேலைசெய்த ‘மலபார் கூலிகள்’ அதனைத் தேங்காயெண்ணெயில் பொரித்தும் கறியாக்கியும் விரும்பி உண்பதாக எழுதினார். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து, வழியெங்கும் பிணங்களை விட்டுவிட்டு மாத்தளைக்கும் கண்டிக்கும் வந்துசேர்ந்த நம்மவர், இயற்கை நூலொன்றில் இடம்பெற்ற விதம் இது! எலிக்கு இரண்டு அறிவியற் பெயர்கள் இருந்தன. அதை உண்டவர்களுக்கோ மொத்தமாக ஒரே பெயர். அதுவும் பிறர் இட்டது.

இனிக் கடலுக்கு வருவோம். 1850களின் பிற்பகுதியில் முத்துக்குளிப்பின் வருவாய் குறித்துக் கவலைகொண்டிருந்த அரசாங்கம், முத்துச்சிப்பியின் இயல்பை ஆராயும் பணியைக் கெலார்டிடம் ஒப்படைத்தது. திருகோணமலையில் இருந்தபடி சிப்பியை ஆராய்ந்தவரின் மனத்தை அதே நீரில் வாழ்ந்த கடல் நத்தைகள் கவர்ந்தன. 1858, 1859ஆம் ஆண்டுகளில் அவற்றைப் பற்றிய விவரணங்களை அவர் வெளியிட்டார். இலங்கையின் பழைய பெயரைத் தாங்கிய ‘பிலிடியா சைலானிக்கா’ அவற்றுள் ஒன்று. கரிய உடலில் இளஞ்சிவப்பு வரம்புகள் நீளவாக்கில் ஓடும் அழகிய உயிர். இன்று அதன் பேரினப் பெயர் ‘பிலிடியெல்லா’ என்று சற்று மாறியிருந்தாலும், ‘சைலானிக்கா’ நிலைத்துவிட்டது.

கடல் நத்தையை ஆராய்வோருக்கு ஒரு தொல்லை உண்டு. சாராயத்தில் இட்டுவைத்தால் அது சுருங்கி, நிறம் வெளிறிப்போகும். புட்டியிலுள்ள உடலைக் கொண்டு உயிரோடிருந்த நத்தையை அறிவது அரிது. ஆகவே உயிருள்ளபோது தீட்டிய வண்ணப்படமே பெருஞ்சான்று. கெலார்ட் 1860இல் இங்கிலாந்து நோக்கிய பயணத்தின்போது கப்பலிலேயே காலமானார். அவருக்கு வயது 40. அவர் விட்டுச்சென்ற படங்களையும், வால்டர் எலியட் இந்தியக் கரையில் சேகரித்து அனுப்ப ஆல்டர், ஹான்காக் என்ற ஆங்கில அறிஞர்கள் 1864இல் விவரித்த நத்தைகளையும் ஒப்புநோக்கி, எது எந்த இனம் என்று 1906இல் தீர்த்துக்கொடுத்தவர் சார்ள்ஸ் எலியட். ‘இந்து சமயமும் பௌத்தமும்’ என்ற பெருநூலை எழுதிய அதே இராஜதந்திரிதான். பின்னாளில் ஜப்பானுக்கான பிரித்தானியத் தூதுவராகவும் இருந்தார். 1931இல் ஜப்பானிலிருந்து திரும்பும் வழியில் அவரும் கப்பலில் மறைந்தார். ஜப்பானில் பேரரசர் ஹிரோஹிட்டோ சகாமி விரிகுடாவில் சேகரித்த கடல் நத்தைகளைப் பற்றிய நூல் 1949இல் வெளியானது. போக்கிமான் ஏட்டில் ஒரு கடல் நத்தை இடம்பெற்றது அந்நாட்டவருக்கு வியப்பளித்திராது.

பிடிப்பது, பெயரிடுவது, ஏட்டில் ஏற்றுவது: கெலார்ட் செய்ததும் தஜிரியின் விளையாட்டில் பிள்ளைகள் செய்வதும் அடிப்படையில் ஒன்றே. ஆனால் மலைநாட்டு மக்களுக்கு ஏடு என்பது விளையாட்டாக இருந்ததில்லை. ‘துண்டு’ முதல் செக்ரோல் வரை, அவர்களின் வரலாறே அடுத்தவர் எழுதிய ஏடுகளின் வரலாறுதான்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பான்மையோரை நாட்டின் ஏட்டுக்கு வெளியே நிறுத்தியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிடப்பட்டனர். குடும்பங்கள் பிரிந்தன. இங்கே ‘இந்தியாக்காரர்’ என்று அழைக்கப்பட்டவர்கள், நீலகிரியில் போய் இறங்கியதும் ‘சிலோன்காரர்’ ஆனார்கள். நாடற்ற நிலையில் எஞ்சியிருந்தோருக்கு வழி செய்யும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

ஷெல்லோஸ் பற்றி நான் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. விளையாட்டின் நிலப்பரப்பு ஹொக்கைடோ தீவை மாதிரியாகக் கொண்டது. அதன் நடுவே ஒரு பெருமலை நிற்கிறது. மலைக்கு மேற்கே வாழும் ஷெல்லோஸ் இளஞ்சிவப்பு. கிழக்கே வாழ்வது நீலம். உருவமும் சற்று வேறு. மேற்கே பிடித்ததைக் கிழக்கே கொண்டுபோனாலும் அதன் நிறம் மாறுவதில்லை. ஆயினும் ஏட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே இலக்கம்: 422. எந்தக் கரையில் பிறந்தது என்று கேட்டு, எதனையும் அந்த ஏடு நீக்கிவிடுவதில்லை.

பொழுதுபோக்குக்காகச் செய்த ஒரு விளையாட்டின் எளிய விதி இது. இதே விதியை மனிதர்களுக்கு ஏற்க, இரண்டு அரசாங்கங்களுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.