கிளாப் போர்டும் கரும்பலகையும்

"சினிமாவையெல்லாம் காலேஜ்ல போய்ப் படிக்க முடியுமா?"

விஸ்காம் படித்த யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பித்திருக்க முடியாது. கல்யாண வீட்டில் பெரியப்பா கேட்பார். உதவி இயக்குநராகச் சேரப் போன ஆபீஸில் கோ-டைரக்டர் கேட்பார். பெரியப்பாவின் குரலில் கவலை இருக்கும், கோ-டைரக்டரின் குரலில் நக்கல். இருவருக்கும் பதில் ஒன்றுதான்: முடியாது. கிளாப் அடி, கன்டினியூட்டி எழுது, டீ வாங்கிட்டு வா, பத்து வருஷம் ஒரு டைரக்டர் பின்னாடி நில்லு, தொழில் தானா வரும். கோடம்பாக்கத்தின் குருகுலம் இது. நானும் இந்தக் கேள்வியை நிறைய கேட்டிருக்கிறேன். அதனால்தான் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

கேள்வி என்னைவிட மூத்தது. சென்னையில் 1945லேயே ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் பாலிடெக்னிக் பாடங்களாகிவிட்டன. இன்று தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் இருக்கிற அரசு திரைப்படக் கல்லூரியின், அதாவது பழைய ஆட்கள் 'அடையாறு இன்ஸ்டிட்யூட்' என்று சொல்வதன் தொடக்கம் அதுதான். அந்த முதல் பாடங்கள் இரண்டுமே இயந்திரம் சார்ந்தவை என்பதைக் கவனிக்கணும். கேமராவும் மைக்கும் மெஷின்கள், ஆகவே லேத் பட்டறை மாதிரி அவற்றையும் சொல்லித்தரலாம் என்பதில் யாருக்கும் தயக்கமில்லை. டைரக்‌ஷனுக்கு அப்போது வகுப்பறை கிடைக்கவில்லை. கையால் செய்வதைப் படிக்கலாம், யோசிப்பது மட்டும் பிறவியிலேயே வரணும் என்கிற நம்பிக்கை நம்மிடம் இன்னும் முழுசாகப் போய்விடவில்லை.

அந்த நம்பிக்கையோடு மோதிப் பார்த்த இடம் புனே. 1949ல் மத்திய அரசு எஸ்.கே. பாட்டீல் தலைமையில் ஒரு திரைப்பட விசாரணைக் குழுவை அமைத்தது. 1951ல் வந்த அதன் அறிக்கை, படமெடுக்கக் கடன் தர ஒரு நிறுவனமும் பயிற்சி தர ஒரு நிறுவனமும் வேண்டும் என்றது. இரண்டும் நடைமுறைக்கு வர 1960 ஆகிவிட்டது. பயிற்சி நிறுவனத்துக்குக் கிடைத்த இடம் பிரபாத் ஃபிலிம் கம்பெனியின் பழைய வளாகம். 'சந்த் துக்காராம்' (1936) உருவான ஸ்டூடியோ அது. ஒரு காலத்தில் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் படம் தயாரித்த தளங்கள், கம்பெனி நொடித்த பிறகு, படத்தைப் பற்றிப் பேசும் வகுப்பறைகளாயின.

அங்கே யார் வந்தார்கள் என்று பார்த்தால் சுவாரஸ்யமாக இருக்கிறது. அடூர் கோபாலகிருஷ்ணன் நம் காந்திகிராமத்தில் படித்து, திண்டுக்கல் பக்கம் அரசு வேலை பார்த்தவர். நாடகப் பித்து. 1962ல் அந்த வேலையை உதறிவிட்டுப் புனே போனார். படிப்பு முடிந்து வந்ததும் கேரளத்தில் நண்பர்களோடு சேர்ந்து ஃபிலிம் சொசைட்டி ஆரம்பித்தார். 1972ல் 'ஸ்வயம்வரம்' வந்தது. அதற்குக் கைகொடுத்தது, பாட்டீல் குழு கேட்டிருந்த அந்தக் கடன் நிறுவனம். எந்த டைரக்டரின் பின்னாலும் அவர் பத்து வருஷம் நிற்கவில்லை.

புனேயில் கற்றதென்ன? கேமராவும் எடிட்டிங் மேஜையும் இருந்தன, சரி. ஆனால் அங்கே படித்தவர்களின் பேட்டிகளை வாசிக்கும்போது, அவர்கள் அதிகம் பேசுவது பார்த்த படங்களைப் பற்றித்தான். 1964ல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதே ஊரில் தொடங்கியது. அடுத்த வருஷம் பி.கே. நாயர் அதில் சேர்ந்தார். பால்கேயின் 'காளிய மர்தன்' போன்ற படச்சுருள்களைத் தேடிச் சேர்த்த மனிதர். டிவிடி கிடையாது, டோரன்ட் கிடையாது. ஐசன்ஸ்டைனையோ ஓஸுவையோ பார்க்கணும்னா படப்பெட்டி கைக்கு வரணும், புரொஜெக்டர் ஓடணும். அந்தக் காலத்தில் வேண்டிய படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, பிறகு வளாகத்து மாமரத்தடியில் உட்கார்ந்து சண்டை போட முடிந்தது என்பது சாதாரண வசதி இல்லை. அந்த மரத்துக்கு மாணவர்கள் 'விஸ்டம் ட்ரீ' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ரித்விக் கட்டக் 1960களின் நடுவில் கொஞ்ச காலம் அங்கே துணை முதல்வராக இருந்தார். கல்கத்தாவில் அவருடைய படங்கள் பெரும்பாலும் ஓடவில்லை. வியாபாரக் கணக்கில் தோற்ற ஒருவரை எந்த சினிமா கம்பெனியும் குருவாக உட்கார வைக்காது. ஒரு கல்லூரி வைத்தது. மணி கௌல், குமார் ஷஹானி, ஜான் ஆபிரகாம் மூவரும் அவரிடம் படித்தவர்கள், மூவரின் படங்களும் ஒன்றுபோல் இருக்காது. இதில் ஜான்தான் பிறகு தமிழுக்கு வந்து, வெங்கட் சாமிநாதனின் எழுத்தில் 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) எடுத்தார்.

1974ல் டெல்லியிலிருந்த தொலைக்காட்சிப் பயிற்சிப் பிரிவும் புனேவுக்கு இடம்பெயர, நிறுவனத்தின் பெயரில் 'டெலிவிஷன்' ஏறியது. அடுத்த வருஷம் சென்னை தூர்தர்ஷன் வந்தது. டிவி அப்போது அரசாங்க வேலை, சினிமா கலை என்று இரண்டும் ஒரே வளாகத்தில் தனித்தனியாக நின்றன. அவை கலந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

இங்கே அடையாறு என்ன செய்தது? 1986ஐ எடுத்துக்கொள்வோம். ஆபாவாணன் எழுதித் தயாரிக்க, ஆர். அரவிந்தராஜ் இயக்கிய 'ஊமை விழிகள்' வந்தது. இன்ஸ்டிட்யூட் பசங்க சேர்ந்து எடுத்த படம், அதுவும் சினிமாஸ்கோப்பில். பெரிய வெற்றி. அதே வருஷம் 'மௌன ராக'த்தில் பி.சி. ஸ்ரீராமின் ஒளி. அவரும் அடையாறுதான். இவங்களுக்குச் சினிமா தெரியாது என்று சொல்வது அதற்குப் பிறகு கொஞ்சம் கஷ்டமாகிவிட்டது.

குருகுலத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதன் வாசல் யாருக்குத் திறந்தது என்பதுதான் என் கவலை. தமிழில் பெண் ஒளிப்பதிவாளர்களுக்கு முன்னோடியான பி.ஆர். விஜயலட்சுமி, அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர். இயக்குநர் பி.ஆர். பந்துலுவின் மகள். திறமையும் உழைப்பும் அவருடையவை. ஆனால் செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறி வரும் பெண், எந்த ஆபீஸ் வாசலில் பத்து வருஷம் நிற்பாள்? வருமானமில்லாத அந்தப் பத்து வருஷத்தை எந்த வீடு தாங்கும்? விண்ணப்பப் படிவம் என்கிற சலிப்பூட்டும் காகிதத்தின் அருமை அங்கேதான் தெரிகிறது. யாரைத் தெரியும் என்று அது கேட்பதில்லை.

பாலு மகேந்திராவுக்கும் யாரையும் தெரியாது. மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்து, புனேயில் ஒளிப்பதிவு படித்து, 1969ல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். இந்தக் கதையில் என்னை அதிகம் ஈர்ப்பது அவருடைய படங்களைவிட அவருடைய ஆபீஸ். பாலா, சீனு ராமசாமி, ராம், நா. முத்துக்குமார், வெற்றிமாறன் என்று அங்கிருந்து வந்தவர்களின் வரிசை நீளம். 1999 வாக்கில் சன் டிவிக்காகத் தமிழ்ச் சிறுகதைகளை 'கதை நேரம்' என்று வாரம் ஒரு குறும்படமாக எடுத்தார். லயோலாவில் ஆங்கில இலக்கியம் படித்த வெற்றிமாறனுக்கு அங்கே கிடைத்த வேலைகளில் முக்கியமானது, கதைகளைப் படித்துச் சுருக்கம் எழுதித் தருவது. டிவியும் சினிமாவும் இலக்கியமும் ஒரே மேஜைக்கு வந்தன. வெளியிலிருந்து பார்த்தால் அது குருகுலம். உள்ளே நடந்தது வகுப்பு. புனேயின் கரும்பலகை, சாலிகிராமத்து மாடிகளுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது. 'காலேஜ்ல படிக்க முடியாது' என்பதற்கு நாம் உதாரணம் காட்டும் ஆட்களில் பாதிப் பேருக்குப் பாடம் எடுத்தவரே காலேஜில் படித்தவர்.

நான் படித்த கல்லூரியில் நல்ல கேமரா ஒன்று இருந்தது, பூட்டிய அலமாரியில். வருஷா வருஷம் ஆய்வுக்கு வருபவர்களுக்குக் காட்டுவார்கள். படங்களைப் பார்த்துப் பேசுவதற்கென்று கால அட்டவணையில் ஒரு மணி நேரம்கூடக் கிடையாது. இன்றைக்குக் கேமரா எல்லோர் பாக்கெட்டிலும் இருக்கிறது. எடிட்டிங் பழக யூடியூப் போதும். விஸ்காமுக்கு லட்சக்கணக்கில் கட்டும் பிள்ளைகள், கருவி என்ன மாடல் என்று கேட்பதற்கு முன்னால், இங்கே யார் என்னோடு உட்கார்ந்து படம் பார்ப்பார், நான் எடுத்தது நன்றாக இல்லை என்று யார் பொறுமையாகச் சொல்வார் என்று கேட்கலாம்.

வெற்றிமாறன் இப்போது வசதியில்லாத வீட்டுப் பட்டதாரிகளுக்காக, கட்டணம் இல்லாமல் ஒரு திரைப்படப் பள்ளி நடத்துகிறார். குருகுலத்தில் வளர்ந்தவர் கடைசியில் தொடங்கியது ஒரு வகுப்பறை. அங்கே சேர விண்ணப்பப் படிவம் உண்டு.