நட்சத்திரத்தின் நடுவில் ஒரு சிவப்பு வட்டம்

இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் விமானங்களில் வாலுக்குச் சற்று முன்னால் வரிசை எண் எழுதப்பட்டிருக்கும். எழுத்தின் வழக்கமான உயரம் 8 அங்குலம். அந்த விமானத்தை 72-இல் ஒரு பங்காகச் சுருக்கி மாதிரி செய்தால் எழுத்து 2.8 மில்லிமீட்டர்தான், சீரகச் சம்பா அரிசியைவிடக் குட்டை. ஆனால் அந்த எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால் அது வேறு விமானம். ஓட்டியவர் வேறு, பறந்த போர்முனை வேறு, அது அழிந்த நாளும் வேறு. விமான மாதிரி செய்பவர்கள் பழைய புகைப்படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துத் துருவுவது இதற்காகத்தான்.

இந்த அக்கறை தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. 1942-இன் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை, பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மர மாதிரிகள் செய்து தரும்படி கேட்டது. அளவு அதே 72-இல் ஒரு பங்கு. 35 அடி தள்ளிப் பிடித்தால் ஏறக்குறைய அரை மைலில் பறக்கும் நிஜ விமானத்தின் அளவில் தெரியும். உடல் முழுக்கக் கறுப்பு. சின்னம், எண் எதுவும் கிடையாது. நிழலுருவை மட்டும் பார்த்தே நம்முடையதா எதிரியுடையதா என்று சொல்லப் படைவீரர்கள் பழக வேண்டும் என்பதே நோக்கம்.

போருக்குப் பின் பிளாஸ்டிக் கிட்கள் வந்தன. லண்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1953-இல் தன் முதல் ஸ்பிட்ஃபயரை வெளியிட்டது. அமெரிக்காவின் அரோரா கிட்டைச் சுருக்கி எடுத்த நகல் அது. அக்காலத்துக் கிட்கள் பலவற்றில் சின்னம் ஒட்ட வேண்டிய இடத்தை இறக்கையிலேயே மேடான கோடாக வார்த்திருந்தார்கள். சிறுவர்களுக்கு வசதி, ஆனால் அந்தக் கோடு காட்டிய சின்னத்தைத் தவிர வேறொன்றை ஒட்ட வேண்டுமானால் முதலில் அதைத் தேய்த்து எடுக்க வேண்டும். 1960-இல் ஏர்ஃபிக்ஸ் மாத இதழ், 1963-இல் பிரிட்டனில் உருவான சர்வதேச பிளாஸ்டிக் மாதிரிக் கலைஞர் சங்கம், 1965 முதல் ஒரு விமானத்துக்கு ஒரு சிறுநூல் என்று வந்த ப்ரொஃபைல் வெளியீடுகள் ஆகியவை இந்தப் பொழுதுபோக்கை ஆராய்ச்சியின் பக்கம் திருப்பின. பெட்டியில் வந்த சின்னம் சரிதானா என்று கேட்கும் தலைமுறை அப்போதுதான் உருவானது.

அந்தக் கேள்வி எவ்வளவு நியாயமானது என்பதற்கு அமெரிக்க நட்சத்திரமே போதும். நீல வட்டம், அதற்குள் வெள்ளை நட்சத்திரம், அதன் நடுவில் சிவப்பு வட்டம். 1942 ஏப்ரல் 18 அன்று டூலிட்டில் தலைமையில் ஜப்பானின் மீது குண்டு வீசச் சென்ற 16 பி-25 விமானங்களிலும் இந்தச் சின்னமே இருந்தது. சண்டையின் பரபரப்பில் அந்தச் சிவப்பு ஜப்பானியச் சூரியச் சின்னமாகத் தெரிந்துவிடும் என்ற அச்சத்தால் மே மாதம் அதை நீக்க உத்தரவு வந்தது. ஜூன் தொடக்கத்தில் மிட்வே போர். டூலிட்டில் தாக்குதலுக்கும் மிட்வேக்கும் இடையே ஏழு வாரம்கூட இல்லை. மிட்வே விமானத்தில் சிவப்பு வட்டம் வைத்தவர் எவ்வளவு நேர்த்தியாக ஒட்டியிருந்தாலும் அது தவறுதான். 1943 ஜூன் இறுதியில் நட்சத்திரத்தின் இருபுறமும் வெள்ளைப் பட்டைகள் சேர்ந்தன. முழுச் சின்னத்தையும் சுற்றிச் சிவப்பு விளிம்பு. சிவப்பு திரும்பி வந்ததை பசிபிக் போர்முனை விரும்பவில்லை. ஆகஸ்டிலேயே விளிம்பை நீலமாக்க உத்தரவு. உத்தரவு வந்த நாளும் தொலைதூரத் தீவில் ஒருவர் தூரிகையை எடுத்த நாளும் ஒன்றல்ல என்பதால், குறிப்பிட்ட ஒரு விமானத்துக்கு அதன் புகைப்படம்தான் உறுதியான சாட்சி.

எதிர்த்தரப்பிலும் இதே நுணுக்கம் உண்டு. முத்துத் துறைமுகத்தைத் தாக்கிய ஜப்பானிய விமானங்களின் உடலில் தாய்க்கப்பலைக் காட்டும் பட்டைகள் இருந்தன: அகாகிக்கு ஒரு சிவப்பு, காகாவுக்கு இரண்டு, சோரியூவுக்கு ஒரு நீலம், ஹிரியூவுக்கு இரண்டு, ஷோகாகுவுக்கு ஒரு வெள்ளை, சுய்காகுவுக்கு இரண்டு. நான்கு மாதம் கழித்து, 1942 ஏப்ரல் 5-இல் கொழும்பையும் 9-இல் திருகோணமலையையும் இதே படை தாக்கியது. மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியதும் அந்த 9-ஆம் தேதிதான். காகா மட்டும் வரவில்லை. பலாவு அருகே பாறையில் மோதிச் சேதமடைந்து ஜப்பானுக்குத் திரும்பிவிட்டது. ஆகவே திருகோணமலை வானத்துக்கென்று செய்யும் ஸீரோ விமானத்தில் இரட்டைச் சிவப்புப் பட்டைக்கு இடமில்லை. அன்று சீனன்குடாத் தளத்திலிருந்து எதிர்த்தெழுந்த ஹரிக்கேன்களின் வட்டச் சின்னத்தில் நடுச்சிவப்பு இன்னும் இருந்தது. 1943-இல்தான் இந்தியாவிலும் பர்மாவிலும் பறந்த பிரிட்டிஷ், இந்திய விமானங்களிலிருந்து சிவப்பு நீங்கி, கருநீல வளையத்துக்குள் வெளிர்நீல வட்டம் வந்தது.

புகைப்படமும் ஏமாற்றும். அக்காலத்தில் புழங்கிய ஆர்த்தோகுரோமேட்டிக் படச்சுருளுக்குச் சிவப்பு தெரியாது. அது கறுப்பாகப் பதியும். மஞ்சள் கருத்துப்போகும், நீலம் வெளுத்துப்போகும். பிரிட்டிஷ் சின்னத்தைச் சுற்றிய மஞ்சள் வளையம் சில படங்களில் கரும்பட்டையாகவே இருக்கிறது. பான்குரோமேட்டிக் சுருளில் எடுத்த படத்தோடு ஒப்பிடாமல் நிறத்தைத் தீர்மானிப்பது ஆபத்து. வரைந்த படமும் ஏமாற்றும். முதல் உலகப் போரின் ஜெர்மன் விமானி ரிக்ட்ஹோஃபன் 1918 ஏப்ரல் 21-இல் சுட்டு வீழ்த்தப்பட்டபோது ஓட்டிய சிவப்பு ஃபோக்கரின் துணியை, விழுந்த இடத்திலேயே வீரர்கள் நினைவுப்பொருளாக வெட்டிக்கொண்டு போனார்கள். முந்தைய மாதத்து ஜெர்மன் உத்தரவுப்படி அதில் வளைந்த சிலுவை போய் நேர்க்கோட்டுச் சிலுவை வந்திருந்தது. அவரது கடைசிப் பயணம் என்று சொல்லிப் பழைய சிலுவையை வரையும் படங்கள் இன்றும் வருகின்றன.

இவ்வளவு தேடிக் கண்டதை மாதிரியின் மேல் ஏற்றுவது கைவேலை. சின்னங்கள் டீகால் தாளில் அச்சாகி வருகின்றன. நீரில் ஊறவைத்தால் மெல்லிய படலம் வழுக்கி வரும். மங்கலான வண்ணத்தின் மேல் நேரே ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளியாக மினுங்கும். நிஜ விமானத்தில் வண்ணத்தால் எழுதிய எழுத்து அப்படி மினுங்குவதில்லை. அதனால் முதலில் பளபளப்பு வார்னிஷ், பிறகு டீகால், அதை இளக்கித் தகட்டு இணைப்புக் கோடுகளுக்குள் படியவைக்கும் திரவம், கடைசியில் மங்கல் வார்னிஷ். ஜெட் காலத்து விமானங்களில் 'மிதிக்காதே', 'மீட்பு' போன்ற ஓர் அங்குல எழுத்துகள் உடலெங்கும் சிதறிக் கிடக்கும். 72-இல் ஒரு பங்கில் அது 0.35 மில்லிமீட்டர். நல்ல அச்சில் இதையும் படிக்க முடிகிறது.

துல்லியம் என்றால் சுத்தமான விளிம்பு என்று நினைப்பவரைத் திருத்துவது நார்மண்டி. படையிறக்கத்துக்கு முன்பு நேச நாட்டு விமானங்களில் மூன்று வெள்ளை, இரண்டு கறுப்புப் பட்டைகள் தீட்ட வேண்டும். ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஒவ்வொன்றும் 18 அங்குல அகலம். ரகசியம் காக்க, 1944 ஜூன் முதல் வாரம் வரை காத்திருந்து, சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான விமானங்களில் தூரிகையால் பூசினார்கள். விளிம்பு நெளிந்தது, வண்ணம் வழிந்தது, பட்டை கோணியது. ஒட்டுநாடாவைப் பிடித்து 6.35 மில்லிமீட்டர் பட்டைகளை நூல் பிடித்ததுபோல் தீட்டுபவர் அகலத்தைச் சரியாகப் பிடித்து அந்த இரவைத் தவறவிடுகிறார். ஆகவே தேர்ந்த கலைஞர்கள் பலர் இங்கே நாடாவை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே பூசுகிறார்கள், குறிப்பிட்ட விமானத்தின் படத்தில் எந்தப் பட்டை எங்கே கோணியிருக்கிறதோ அதே இடத்தில். பட்டைகளுக்கும் கெடு உண்டு. படையிறக்கம் முடிந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் மேற்புறப் பட்டைகளை அழிக்கும்படி உத்தரவு வந்தது. ஆகஸ்ட் மாதத்து ஸ்பிட்ஃபயர் செய்பவர் பட்டையை அடிப்புறத்தில் தேட வேண்டும்.