மன்றாடுவோரே அனுப்பப்படுவோர்: சமயநல்லூரை முன்வைத்து இறையழைத்தல் வேண்டுதல் பற்றி

குருக்களுக்காகவும் துறவியருக்காகவும் வேண்டுவது நம் பங்குகளின் விசுவாசிகள் மன்றாட்டில் ஊறிப்போன வழக்கம். திருத்தந்தை ஆறாம் பவுல் 1964இல் இறையழைத்தலுக்கான உலக மன்றாட்டு நாளைத் தொடங்கினார். இன்று அது பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறான நல்லாயன் ஞாயிறன்று கடைப்பிடிக்கப்படுகிறது. வழக்கமாகிவிட்ட வேண்டுதலுக்கு ஓர் ஆபத்து உண்டு. ஆண்டவர் ஆள் அனுப்பட்டும், ஆனால் அது வேறு வீட்டிலிருந்தாக இருக்கட்டும் என்று உள்ளம் ஒதுங்கிக்கொள்கிறது. மதுரை - திண்டுக்கல் சாலையில் உள்ள சமயநல்லூர் போன்ற ஊரில் இந்த மன்றாட்டு எதைக் கோருகிறது என்பதே இங்கு என் ஆய்வுப் பொருள்.

அறுவடைக்கு ஆள் அனுப்புமாறு மன்றாடச் சொல்லும் கட்டளை மத்தேயு 9ஆம் அதிகாரத்தின் முடிவில் வருகிறது. அதைக் கேட்ட சீடர்களில் பன்னிருவர் அடுத்த அதிகாரத்திலேயே அழைத்து அனுப்பப்படுகின்றனர். லூக்கா 10இல் அந்த இடைவெளியும் இல்லை; மன்றாடச் சொன்ன கையோடு இயேசு கேட்ட சீடர்களையே புறப்படச் சொல்கிறார். வேண்டுதல் கடவுளின் திட்டத்தை மாற்றுவதில்லை, வேண்டுதலின் வழியே அவர் தரத் திருவுளம் கொண்டதைப் பெறுவதே அது என்பார் புனித தாமஸ் அக்குவினாஸ். அப்படியெனில் இம்மன்றாட்டின் முதல் பலன் மன்றாடும் சமூகத்திடமே தென்பட வேண்டும். இறையழைத்தலை வளர்க்கும் கடமை கிறிஸ்தவச் சமூகம் முழுவதற்கும் உரியது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் உரைத்ததும் இதனோடு ஒத்துப்போகிறது.

ஆனால் 'சமூகம் முழுவதும்' என்பது மதுரை மண்ணில் எளிதில் சொல்லிவிடக்கூடியதன்று. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நோபிலி, உயர்சாதியினர் ஏற்கும் சந்நியாசியாக வாழ்ந்தார். மற்றச் சாதியினரிடையே பணியாற்றப் பண்டாரசுவாமி என்ற தனி முறை தேவைப்பட்டது. 1640இல் பல்தசார் த கோஸ்தா அதைத் தொடங்கினார். 1693இல் ஓரியூரில் இரத்தம் சிந்திய அருளானந்தரும் பண்டாரசுவாமியே. ஆயர் எந்த மந்தையை நெருங்கலாம் என்பதைச் சாதி வரையறுத்தது; அந்த வரையறை மந்தையிலிருந்து யார் ஆயராகலாம் என்பதையும் நெடுங்காலம் பாதித்தது என்பது என் கருத்து. இந்தியாவின் மீட்புப் பணிக்கு அதன் சொந்தப் பிள்ளைகளே பணியாளராக வேண்டும் என்ற நோக்கோடு பதின்மூன்றாம் லியோ 1893இல் கண்டியில் குருமடம் நிறுவினார். 1923இல் இம்மண்ணின் பிள்ளையான திபுர்சியுஸ் ரோச் தூத்துக்குடியின் ஆயரானார். மண்ணின் பிள்ளைகள் என்ற கொள்கை இவ்வாறு வென்றது. மண்ணின் எந்தப் பிள்ளைகள் என்ற கேள்வி மட்டும் எஞ்சியது.

அந்தக் கேள்வி சமயநல்லூரிலும் எழுகிறது. இவ்வூர், தொகுதி மறுசீரமைப்புக்கு முன்பு, பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தனித்தொகுதியாக இருந்தது. இத்தகைய வட்டாரத்தில் பங்கின் மன்றாட்டு எல்லாத் தெருக்களின் சார்பிலும் எழ வேண்டும். தலித் கத்தோலிக்கருக்குத் தலைமைப் பொறுப்புகளில் உரிய இடம் கிடைக்க வேண்டும் என்ற தேவையை இந்திய ஆயர்களே 2016இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் பேசியுள்ளனர். பீடச்சிறார் யார், வாசகம் வாசிப்பவர் யார், எந்த வீட்டுப் பையனிடம் "குருமடம் போறியாப்பா?" என்று கேட்கிறோம் என்பவற்றில்தான் வேண்டுதலின் உண்மை வெளிப்படும். கேட்கப்படாத பிள்ளைக்காக மன்றாடினோம் என்று நாம் சொல்ல முடியாது.

இப்படிப் பிள்ளைகளைக் கேட்பதற்கு எதிராக, குடும்பங்கள் சிறுத்துவிட்டன என்பது வலுவான மறுப்பு. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். ஒரே மகனைக் கொடுக்கத் தயங்கும் தாயைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவளுடைய முதுமைக்கு யார் துணை என்ற கேள்விக்கும் பங்கு பதில் சொல்லியாக வேண்டும். கொடுத்த வீட்டைத் தாங்குவதும் அந்த மன்றாட்டின் பகுதியே. துறவறம் செல்லும் பெண்களின் வீடுகளை இதில் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். குருப்பட்டம் பெற்றவருக்கு ஊரே வரவேற்பு வளைவு கட்டுகிறது. இறுதி வார்த்தைப்பாடு கொடுத்த அருள்சகோதரிக்கு அத்தகைய வரவேற்பு கிடைப்பது அரிது. அன்பியக் கூட்டங்களில் குருமாணவர்களுக்காக வேண்டும்போது, நம் ஊரிலிருந்து போன சகோதரிகளையும் அவர்கள் பெற்றோரையும் பெயர் சொல்லி நினைப்பதை இந்த ஆண்டே தொடங்கலாம்.