பாம்பு ஓடிய போன்

நேற்று திண்ணையில் பேரன் செல்போனில் விளையாடிக்கொண்டிருந்தான். "தாத்தா, 99 ரூபாய் கட்டினால் என் வீரனுக்குப் புது உடை கிடைக்கும்" என்றான். எனக்குப் பழைய பாம்பு விளையாட்டு நினைவுக்கு வந்தது.

1997இல் நோக்கியா 6110 போனோடு இலவசமாக வந்த விளையாட்டு அது. 2006இல் நோக்கியா ஆலை ஸ்ரீபெரும்புதூரிலேயே திறந்தது. எங்கள் வடக்குப்பட்டுப் பக்கமெல்லாம் கம்பெனி பஸ் பேச்சுதான். அன்று போனை விற்றால்தான் காசு, விளையாட்டு கொசுறு.

2008இல் ஆப்பிள் 'ஆப் ஸ்டோர்' என்ற கடையைத் திறந்தது. கணக்கு தலைகீழானது. விளையாட்டை விற்றாலும், அதற்குள் உடை விற்றாலும், நூற்றுக்கு 30 வரை கடைக்காரருக்கு. கூகுளும் அதே வழியில் போனது. இந்தப் பங்கை எதிர்த்து, ஃபோர்ட்நைட் விளையாட்டைச் செய்த எபிக் நிறுவனம் 2020இல் இருவர் மீதும் வழக்குப் போட்டது.

நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. இன்று அதே ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாராகிறது. போனைப் பூட்டித் தருபவருக்குக் கூலி ஒரே முறை. கடை வைத்தவருக்கோ அந்த போன் ஓடும்வரை வசூல்.

இதையெல்லாம் பேரனிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ இந்த 99இல் பஸ்ஸில் போகிற எதிர்வீட்டு அக்காவுக்கு எவ்வளவு?" என்றான்.

"ஒன்றுமில்லை, கண்ணா. அவளுக்கு மாதச் சம்பளம்தான்."

சற்று யோசித்தான். ஆனாலும் உடையை வாங்கிவிட்டான். பணம் என்னுடையது!