சிவனொளிபாதமலை யாத்திரிகர் தங்குமிடங்கள்

இலங்கையின் மத்திய, சப்பிரகமுவ மாகாணங்கள் சந்திக்கும் இடத்தில் 2,243 மீட்டர் உயரத்தில் நிற்கும் சிவனொளிபாதமலைக்குச் செல்வோர் இரவு தங்கும் மடங்கள், விடுதிகள், வீட்டு அறைகள் ஆகியவற்றைப் பற்றியது இக்கட்டுரை. உச்சிப் பாறையில் உள்ள பாதச் சுவடு புத்தருடையது என்பது பௌத்தர் நம்பிக்கை. சிங்களத்தில் மலையின் பெயர் ஸ்ரீபாத. சைவர் அச்சுவடைச் சிவனின் பாதம் என்றும், இஸ்லாமியரும் கிறிஸ்தவரில் பலரும் ஆதாமின் பாதம் என்றும் கருதுகின்றனர். இரவில் ஏறி, உச்சியில் சூரியோதயம் கண்டு இறங்குவதே வழக்கம். தங்குமிடத் தேர்வு முழுவதும் இந்த ஒரு வழக்கத்தைச் சுற்றியே அமைகிறது.

வழிப்போக்கருக்கு இடமும் உணவும் தருவது இம்மலையில் பழைய அறம். முதலாம் விஜயபாகு மன்னன் (1055–1110) யாத்திரிகர் உணவுக்காகக் கிலிமலை கிராமத்தை மானியமாக விட்டான். வழிகளில் தங்கும் மண்டபங்களும் கட்டுவித்தான். அவனுடைய அம்பகமுவ கல்வெட்டு இந்தத் திருப்பணிகளுக்குச் சான்று. 1344இல் வந்த இபின் பதூதாவின் பயணக் குறிப்பு தமிழருக்கு இன்னும் நெருக்கமானது. யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும், ஆண்டுதோறும் மலைக்குப் போகும் யோகிகள் நால்வரையும், பிராமணர் மூவரையும், உணவு சுமக்கப் பதினைந்து பேரையும் கொடுத்து அனுப்பினார். உச்சிக்குச் சற்றுக் கீழே, கிழ்ர் என்னும் இஸ்லாமிய ஞானியின் பெயரால் வழங்கிய குகையில் மூட்டைகளை வைத்துவிட்டு, மூன்று நாள் அங்கேயே தங்கி, காலையும் மாலையும் பாதத்தைத் தரிசிப்பது அன்றைய முறை என்று அவர் எழுதுகிறார். ஒரே இரவில் ஏறி இறங்கி ஊர் திரும்பத் துடிக்கும் இன்றைய பயணிகள் இந்த மூன்று நாள் கணக்கைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

பருவம் டிசம்பர் மாதப் பௌர்ணமியில் தொடங்கி, மே மாத வெசாக் பௌர்ணமியில் முடிகிறது. அந்த மாதங்களில் படிவழி முழுதும் விளக்கு எரியும், தேநீர்க் கடைகள் விடிய விடியத் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் மழையும் காற்றும் கடுமை. விளக்கு இல்லை, கடைகள் மூடியிருக்கும். அறை மலிவாகக் கிடைக்கிறதே என்று அப்போது போவது முதல்முறை ஏறுவோருக்கு உகந்ததல்ல.

தங்குவதற்கு முதன்மையான ஊர் நல்லதண்ணி. தோட்டத்தின் பெயரால் டல்ஹவுசி என்றும் அழைப்பர். ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக, மவுசாகலை நீர்த்தேக்கத்தை ஒட்டிப் போகும் சாலையில் ஏறக்குறைய 33 கிலோமீட்டர். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். மலையகத் தமிழர் வாழும் பகுதியாதலால் தமிழில் கேட்டே அறை பிடிக்கலாம். இங்கிருந்து படிகள் 5,000க்கு மேல். ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். திடமானவருக்கு மூன்று மணி நேரம், மற்றவருக்கு நான்கு. ஆகவே இரவு இரண்டு மணிக்கு முன்பே கிளம்ப வேண்டியிருக்கும். படி தொடங்கும் இடத்துக்கு நடந்தே போகும் தூரத்தில் அறை இருந்தால் கூடுதலாக ஒரு மணி நேரம் தூங்கலாம்.

மஸ்கெலியாவிலும் ஹட்டனிலும் தங்குவோருக்குக் கடைவீதி, மருந்தகம், வங்கி ஆகிய வசதிகள் உண்டு. ஆனால் நள்ளிரவில் வண்டி பிடித்து வளைவுச் சாலையில் வர வேண்டும். ஹட்டனிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குழந்தைகளோடும் முதியவரோடும் வருவோர் இதைத் தவிர்ப்பதே நல்லது. இரத்தினபுரி, பலாபத்தல பக்கத்து வழி மிக நீளமானது, பழமையும் பக்தியும் நிறைந்தது. ஈரக்காட்டில் அட்டைக்கடியும் உண்டு. அவ்வழியே ஏறுவோருக்கு இரத்தினபுரி நகர விடுதிகள் பயன்படும். ஒரு வழியில் ஏறி மறு வழியில் இறங்க நினைப்பவர் அறையில் எதையும் விட்டுச் செல்ல முடியாது. உச்சியில் விடுதி கிடையாது. சீக்கிரம் போய்ச் சேர்ந்தவர்கள் விடியும்வரை குளிரில் உட்கார்ந்திருக்க நேரும், கம்பளி அவசியம்.

அறை பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஏறுவதற்கு முந்தைய இரவை மட்டுமே எண்ணுகிறார்கள். உண்மையில் அறை மிகத் தேவைப்படுவது இறங்கிய பிறகுதான். ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் முழங்காலை வாங்கும். காலை பத்து மணி வாக்கில் கால் நடுங்க வந்து சேரும்போது, அறையைக் காலி செய்யும் நேரம் முடிந்திருந்தால் வெந்நீரும் இல்லை, படுக்கையும் இல்லை. ஆகவே பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை: மறுநாள் எத்தனை மணிவரை அறை நம்முடையது, காலையில் வெந்நீர் வருமா, நள்ளிரவில் வாசற்கதவைத் திறந்துவிட ஆள் உண்டா, தரைத்தளத்தில் அறை கிடைக்குமா. முடிந்தால் இரண்டு இரவுக்கு எடுப்பதே சிறப்பு. மலை தெரியும் சன்னலுக்குக் கூடுதல் வாடகை கொடுப்பதைவிட இதற்குக் கொடுப்பது பயன் தரும்.

போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறைகளிலும் வார இறுதியிலும் படிகளில் நகர முடியாத கூட்டம் சேரும். ஏறும் நேரம் இரட்டிக்கலாம், அறை வாடகையும் கூடும். தமிழ்நாட்டிலிருந்து வருவோர் சனி, ஞாயிறைச் சேர்த்தே விடுப்பு எடுப்பது இயல்பு. அப்படி எடுத்தால் நேராக அந்தக் கூட்டத்தில்தான் போய் விழ நேரும். சென்னையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். அங்கிருந்து ஹட்டன் வரை மலைப்பாதையில் பாதி நாள் போய்விடும். எனவே ஞாயிறு புறப்பட்டு, திங்கள் நல்லதண்ணியில் தங்கி, அன்றிரவு ஏறி, செவ்வாய் முழுதும் அதே அறையில் இளைப்பாறி, புதன் திரும்பும்படி திட்டமிடுவது நல்லது.