இரண்டு கத்தரிக்கோல்கள்

ஒரு பைபிளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் புத்தகம் ஆதியாகமம். அதில் யோசேப்பு என்று ஒரு பையன் வருவான். கூடப் பிறந்த அண்ணன்மார்களே அவனை அடிமையாக விற்றுவிடுகிறார்கள். எகிப்துக்குப் போகிறான். பொய்ப் புகாரில் சிறைக்குப் போகிறான். அப்புறம் காலம் மாறி, மன்னனுக்கு அடுத்த ஸ்தானத்தில் உட்காருகிறான். பஞ்சம் பிழைக்க வந்து நிற்கும் அதே அண்ணன்மார்களைக் கட்டிப்பிடித்து அழுகிறான். அப்பாவையும் அழைத்து வாருங்கள் என்று அனுப்பிவைக்கிறான். குடும்பமே எகிப்துக்குக் கிளம்பத் தயாராகிறது.

இப்போது பக்கத்தைத் திருப்புங்கள். யோசேப்பின் வம்சத்தார் சினாய் மலை அடிவாரத்தில் நிற்கிறார்கள். கடவுள் பத்துக் கட்டளைகளைத் தரப்போகிறார்!

என்னய்யா இது? எகிப்துக்குப் போன குடும்பம் பாலைவனத்துக்கு எப்படி வந்தது? நடுவில் என்ன ஆச்சு?

உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ இருக்கும் பைபிளில் இந்தக் குழப்பம் வராது. 1807-ல் லண்டனில் அச்சான ஒரு பைபிளில் வரும். பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் இருக்கும் நீக்ரோ அடிமைகளின் உபயோகத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பகுதிகள் என்று அதன் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள்.

நடுவில் என்ன ஆச்சு என்பது உலகத்துக்கே தெரிந்த கதைதான். எகிப்தில் இஸ்ரவேலர்கள் அடிமைகள் ஆனார்கள். முதுகு ஒடிய ஒடியச் செங்கல் அறுத்தார்கள். மோசே வந்தார். என் ஜனங்களை விடு என்று பார்வோனிடம் கேட்டார். அவன் மறுத்தான். வாதை மேல் வாதை வந்தது. கடல் பிளந்து வழிவிட்டது. அடிமைகள் விடுதலை ஆனார்கள்.

கரும்புத் தோட்டத்தில் சவுக்கடி வாங்கிக்கொண்டிருக்கிற ஒருவன் இதைப் படித்தால் என்ன நினைப்பான்? அதனால்தான் அந்தப் பக்கங்களே இல்லை.

பைபிளில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். இந்தப் பதிப்பில் இருந்தவை 232. பழைய ஏற்பாட்டில் பத்தில் ஒன்பது பங்கு காணோம். புதிய ஏற்பாட்டில் பாதி காணோம். துன்பப்படுகிறவன் கடவுளிடம் அழுது முறையிடும் சங்கீதங்கள் இல்லை. கொடுங்கோல் சாம்ராஜ்யங்கள் சரிந்து விழும் வெளிப்படுத்தின விசேஷம் இல்லை. கிறிஸ்துவுக்குள் அடிமை என்றும் இல்லை, சுதந்திரன் என்றும் இல்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதினாரே, அதுவும் இல்லை. ஆனால் அதே பவுல் எபேசியருக்கு எழுதியதில், வேலைக்காரர்கள் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று சொன்ன இடம் மட்டும் பத்திரமாக இருந்தது.

வெளியிட்டவர்கள் ஒன்றும் வில்லன்கள் அல்ல. அதுதான் இதில் வேடிக்கை. நீக்ரோ அடிமைகளை மதம் மாற்றுவதற்கென்றே ஏற்பட்ட ஒரு சங்கம். அதை நிறுவியவர் லண்டன் பிஷப் பெயில்பி போர்ட்டியஸ். அடிமை வியாபாரத்தைக் கண்டித்தவர். சர்ச்சின் சொந்தத் தோட்டத்திலேயே அடிமைகள் நடத்தப்பட்ட விதத்தை 1783-லேயே பிரசங்க மேடையில் ஏறி விமரிசித்தவர். அடிமைகளுக்கும் ஆத்மா உண்டு, அவர்களுக்கும் வேதம் போய்ச் சேரவேண்டும் என்று நினைத்தவர்.

ஆனால், தோட்ட முதலாளிகள் விடவேண்டுமே? அப்போதுதான் பக்கத்தில் ஹெய்டி தீவில் அடிமைகள் எழுந்து, பிரெஞ்சுக்காரர்களை அடித்துத் துரத்தி, 1804-ல் தனி நாடே அமைத்திருந்தார்கள். முதலாளிகளுக்கு வயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது. வேதம் சொல்லித்தருகிறேன் என்று வருகிறவனை எல்லாம் சந்தேகமாகப் பார்த்தார்கள். என்ன செய்யலாம்? முதலாளிக்குத் தொந்தரவு தராத வேதத்தைக் கொடுத்துவிடலாம். கத்தரிக்கோல் வேலை செய்தது.

சரி, பலித்ததா?

ஜமைக்காவில் சாம் ஷார்ப் என்று ஓர் அடிமை. எழுதப் படிக்கத் தெரிந்தவர். பாப்டிஸ்ட் சபையில் டீக்கன். அவரைப் பிடித்து உலுக்கியது மோசே கதைகூட இல்லை. ஒருவன் இரண்டு எஜமான்களுக்கு ஊழியம் செய்ய முடியாது என்று மத்தேயுவில் இயேசு சொன்ன வார்த்தை. கடவுளுக்கும் பணத்துக்கும் நடுவே ஊசலாடுகிறவனுக்குச் சொன்னது அது. ஷார்ப் அதை வேறு மாதிரி படித்தார். எனக்கு எஜமான் ஒருவர்தான், அவர் மேலே இருக்கிறார். அப்படியென்றால் இந்தத் தோட்டக்காரன் யார்?

1831 கிறிஸ்துமஸ். பண்டிகை முடிந்தபின் கூலி கொடுத்தால்தான் வேலை என்று அடிமைகள் உட்கார்ந்துவிட வேண்டும். இதுதான் ஷார்ப்பின் திட்டம். அது கலவரமாக வெடித்தது. அடக்கியபின் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு மரண தண்டனை. 1832 மே மாதம் ஷார்ப்பையும் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. இன்றைக்கு அவர் ஜமைக்காவின் தேசிய வீரர்களில் ஒருவர்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வேறு வழி கண்டுபிடித்தார்கள். பக்கத்தை வெட்டுவானேன்? படிப்பையே வெட்டிவிட்டால் போச்சு! அடிமைக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருவது குற்றம் என்று 1830-ல் வடக்கு கரோலினா சட்டம் போட்டது. வேதத்தில் என்ன இருக்கிறது என்று அவனுக்கு யார் சொல்வது? முதலாளி அனுப்பிவைக்கிற பிரசங்கியார் சொல்வார்.

படித்தவர்கள் மட்டும் ஒழுங்கா என்ன? நோவா தன் பேரன் கானானைச் சபித்த கதையைக் காட்டி, கறுப்பர்கள் அடிமைகளாக இருப்பது தெய்வ சங்கல்பம் என்றார்கள் தெற்கே. ஓடிப்போன அடிமை ஒநேசிமுவைப் பவுல் எஜமானிடமே திருப்பி அனுப்பினாரே என்றார்கள். அதே கடிதத்தில், இனி அவனை அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள் என்று எழுதியிருக்கிறாரே என்றார்கள் வடக்கே. சண்டை முற்றி மெதடிஸ்ட் சபை 1844-லும், பாப்டிஸ்ட் சபை 1845-லும் இரண்டாக உடைந்தன. அப்புறம் நாடே உடைந்தது. 1865-ல் இரண்டாம் முறை பதவியேற்றபோது லிங்கன் இதைத்தான் வருத்தத்தோடு சொன்னார். இரண்டு தரப்பும் படிப்பது ஒரே பைபிள், வேண்டுவது ஒரே கடவுளை.

போர் முடிந்தது. அடிமைகள் விடுதலை ஆனார்கள். இரண்டாவது கத்தரிக்கோல் இனிமேல்தான் வருகிறது.

ஃப்ளோரிடாவில் ஒரு பாட்டி. பெயர் நான்சி ஆம்ப்ரோஸ். பிறவியிலேயே அடிமை. எழுத்து வாசனை கிடையாது. ஆனால், வாழ்க்கை முழுக்க பைபிள்தான். வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை பேரனை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பார். பேரன் பெயர் ஹவர்ட் தர்மன். நம்ம பாரதத்து தருமனுக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை. 1899-ல் பிறந்த இந்தத் தர்மன் பின்னாளில் பெரிய இறையியல் அறிஞர் ஆனார்.

எதை வாசிக்கவேண்டும் என்பதில் பாட்டி ரொம்பக் கறார். சங்கீதங்கள், ஏசாயாவில் சில பகுதிகள், இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் சுவிசேஷங்கள். இவை திரும்பத் திரும்ப. பவுல் எழுதிய கடிதங்கள்? ம்ஹூம். மூச்! எப்போதாவது அபூர்வமாக, அன்பைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய அந்தப் பதின்மூன்றாம் அதிகாரம் மட்டும்.

பேரனுக்குக் காரணம் புரியவில்லை. கேட்கவும் பயம். கல்லூரிக்குப் போனபின் ஒரு லீவில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டார். பாட்டி சொன்னார்.

அடிமையாக இருந்த நாளில் கறுப்பினப் பிரசங்கி யாரையும் முதலாளி உள்ளே விடமாட்டான். வெள்ளைக்காரப் பிரசங்கிதான் வருவார். எப்போதும் பவுலிலிருந்துதான் எடுப்பார். அதிலும் வருஷத்துக்கு மூன்று, நான்கு தடவையாவது எஜமானுக்குக் கீழ்ப்படியும் அதே வசனம். நீங்கள் அடிமையாக இருப்பது தேவ சித்தம். நல்ல அடிமையாக இருந்தால் அவர் ஆசீர்வதிப்பார். கேட்டுக் கேட்டு, பாட்டி அன்றைக்கே கடவுளிடம் சத்தியம் செய்துவிட்டார். எனக்கு விடுதலை கிடைத்து, படிக்கவும் கற்றுக்கொண்டால், அந்தப் பகுதியை மட்டும் தொடவே மாட்டேன்.

கவனியுங்கள். லண்டன்காரர்கள் வெட்டிய சங்கீதத்தைப் பாட்டி வைத்துக்கொண்டார். அவர்கள் பத்திரப்படுத்திய வசனத்தை இவர் வெட்டிவிட்டார். அவர்கள் வெட்டியது முதலாளியின் பயத்தை மனத்தில் வைத்து, அடுத்தவர் படிக்கப்போகும் புத்தகத்தில். இவர் வெட்டியது, தான் பட்ட அடியின் பேரில், தான் நம்பிப் பிழைக்கிற புத்தகத்தில். பைபிளையே தூக்கி எறிந்திருக்கலாம். செய்யவில்லை. பிரசங்கி சொன்ன கடவுள் பொய், பைபிளில் நிஜமான கடவுள் வேறு ஒருவர் இருக்கிறார் என்று, எழுத்தறியாத அந்த அம்மாள் தானாகவே தீர்மானித்துவிட்டார்.

1935-ல் தர்மன் இந்தியா, பர்மா, இலங்கைக்கு நல்லெண்ணப் பயணம் வந்தார். கொழும்பு சட்டக் கல்லூரியில் அவரை மடக்கி ஒரு கேள்வி கேட்டார்கள். உன் மக்களை விற்றவர்கள் கிறிஸ்தவர்கள். வாங்கியவர்கள் கிறிஸ்தவர்கள். நீ போய் அந்த மதத்துக்கு வக்காலத்து வாங்கலாமா? சட்டம் தெரிந்தவர்கள் கேட்கும் கேள்வி அல்லவா, குறுக்கு விசாரணை மாதிரிதான் இருக்கும். தர்மன் 1949-ல் எழுதிய ‘இயேசுவும் உரிமை இழந்தோரும்’ என்ற பொருள் தரும் புத்தகம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. பாட்டி கதையும் அதில்தான் இருக்கிறது. இயேசுவே ரோமாபுரியின் காலடியில் கிடந்த ஓர் ஏழை யூதர்தானே, நசுக்கப்பட்டவன் கண்ணால் அவரைப் பாருங்கள் என்பதுதான் அதன் சாரம்.

அந்தப் புத்தகத்தைப் படித்தவர்களில் ஒருவர் மார்ட்டின் லூதர் கிங். 1968 ஏப்ரல் 3, மெம்ஃபிஸ் நகரத்தில் துப்புரவுத் தொழிலாளர்களுக்காகப் பேசிய கூட்டத்தில், மலை உச்சியில் நின்று வாக்களிக்கப்பட்ட தேசத்தைத் தூரத்திலிருந்து பார்த்த மோசேயோடு தன்னை ஒப்பிட்டுக்கொண்டார் கிங். மறுநாள் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். 1807-ல் எந்த மோசேக்குக் கத்தரி போட்டார்களோ, அதே மோசே!

அந்த வெட்டுப்பட்ட பைபிளில் இன்று மிஞ்சியிருப்பவை மிகச் சில பிரதிகளே. அவற்றில் ஒன்று, விடுதலையான அடிமைகள் படிப்பதற்காக 1866-ல் நாஷ்வில் நகரில் ஆரம்பிக்கப்பட்ட ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 2018-ல் வாஷிங்டனில் அதைக் காட்சிக்கு வைத்தபோது, பலரும் குனிந்து தேடியது அதில் இல்லாத பக்கங்களைத்தான்.

காலையில் எழுந்ததும் ஓர் அதிகாரம், கஷ்டம் வந்தால் ஒரு சங்கீதம் என்று வாழ்கிறவர்கள் கோடிப் பேர். அது பைபிளாக இருக்கட்டும், நீங்கள் நம்பும் வேறு எந்தப் புத்தகமாகவும் இருக்கட்டும். அதில் ஒரு வரியை யாராவது திரும்பத் திரும்ப உங்களுக்கே சொல்லிக்கொண்டிருந்தால், ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த பக்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுங்கள்.